கான்வென்ட் என்ற சொல்லுக்குப் பின்னால்: கார்க் நகரத்துச் சந்தில் இருந்து சர்ச் பார்க் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் எடுத்துவிட்டுக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோடு முழுக்க டேட்டாபேஸ், இண்டெக்ஸ்னு பேசி உங்களை ரொம்பவே சோதிச்சுட்டேன். அதனால இந்த வாரம் லேப்டாப்பை மூடிட்டு ஒரு பள்ளிக்கூடக் கதை. ஒரே ஒரு சொல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன்: கான்வென்ட்.

சில வருஷம் முன்னாடி ஒரு வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். கோடிங் ரவுண்ட் எல்லாம் நல்லா போச்சு. கடைசியா ஹெச்.ஆர். ரவுண்ட். அங்கே இருந்தவர் என் ரெஸ்யூமைப் பார்த்துட்டு, "ஸ்கூலிங் கான்வென்டா?"ன்னு கேட்டார். "ஆமா சார்"ன்னேன். அது பொய் இல்லை. நான் படிச்சது சிஸ்டர்கள் நடத்தின பெண்கள் பள்ளி, தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில். ஆனால் தமிழ் மீடியம். ரெண்டு நிமிஷம் நான் பேசினதைக் கேட்டுட்டு அவர் சிரிச்சுக்கிட்டே, "கான்வென்ட்னு சொன்னீங்க?"ன்னார். அந்தக் கேள்விக்குறி மட்டும் இன்னும் காதில் இருக்கு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா, "அவர் கேட்டது இங்கிலீஷைப் பத்தி. நீ சொன்னது சிஸ்டர்ங்களைப் பத்தி. ரெண்டும் வேற வேறடி"ன்னாங்க.

ரெண்டும் எப்போ வேற வேறயாச்சு? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோடு. தேடுறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பள்ளியை எடுத்துக்கிட்டேன்: சென்னை அண்ணா சாலையில் இருக்கிற சர்ச் பார்க் கான்வென்ட். ஜெயலலிதா படித்த பள்ளி. அந்தப் பள்ளியின் கதை அண்ணா சாலையில் தொடங்கவில்லை, அயர்லாந்தில் ஒரு சந்தில் தொடங்குகிறது.

ஒளிந்து நடந்த வகுப்பு

முதல்ல சொல்லைப் பார்ப்போம். கான்வென்ட் என்றால் கன்னியாஸ்திரிகள் சேர்ந்து வாழும் மடம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் இங்கிலீஷுக்கும் அந்தச் சொல்லில் இடமே இல்லை. நம்ம ஊரில் மடத்தை ஒட்டிப் பள்ளி இருந்ததால் பள்ளிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போ யார் நடத்தினாலும், ரெண்டு ரூமில் இங்கிலீஷ் மீடியம் நர்சரி இருந்தால் அது கான்வென்ட். வரன் தேடும் விளம்பரத்தில் வந்தால் அது ஒரு தகுதி.

இப்போ அயர்லாந்துக்குப் போவோம். 1718ல் கார்க் மாவட்டத்தில் பாலிகிரிஃபின் என்ற இடத்தில் நானோ நேகல் பிறந்தார். வசதியான கத்தோலிக்கக் குடும்பம். அந்தக் காலத்தில் அயர்லாந்தை ஆண்ட ஆங்கிலேய அரசு கத்தோலிக்கர்களுக்கு எதிராகத் தனிச் சட்டங்கள் வைத்திருந்தது. கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது. படிக்கிறதுக்காகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கும் அனுப்பக் கூடாது. மாட்டினால் அபராதம், சிறை. அதாவது நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அவங்க விரும்பின மாதிரி படிப்பு கொடுக்கிறதே சட்டப்படி குற்றம்.

பணம் இருந்தவர்களுக்கு வழி இருந்தது. நானோவை ரகசியமாகப் பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். ஏழைகளுக்குத்தான் ஒரு வழியும் இல்லை.

அப்பா இறந்த பிறகு நானோ அயர்லாந்து திரும்பினார். அவருக்கும் அவர் தங்கை ஆனுக்கும் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பாரீசில் இருந்து கொண்டுவந்த பட்டுத்துணி எங்கேன்னு நானோ தேடுறார். தங்கை அதை வித்து ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. கொஞ்ச நாளில் தங்கை இறந்துபோனார். நானோவின் மனசைத் திருப்பியது அதுதான் என்பார்கள்.

1750களில் கார்க் நகரத்தில் ஒரு சந்தில், சுமார் முப்பது ஏழைப் பெண் பிள்ளைகளோடு அவர் ஒரு பள்ளி தொடங்கினார். கூடவே வாழ்ந்த அண்ணன் தம்பி குடும்பத்துக்குக்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து.

அது எப்படி வெளியே வந்தது என்பதை 1769ல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஒரு ஏழை மனிதர் வீட்டு வாசலில் வந்து நின்று, நானோவின் சகோதரர் ஜோசப்பைப் பார்த்து, "மிஸ் நேகல் பள்ளியில் என் பிள்ளையைச் சேர்க்க நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கேட்டாராம். ஜோசப்புக்கு ஒண்ணுமே புரியவில்லை. எந்தப் பள்ளி? அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முதலில் பெரிய கோபம், பிறகு சமாதானம். ஒன்பது மாசத்துக்குள் பிள்ளைகள் இருநூறு பேர். அந்தக் கடிதம் எழுதும்போது பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு இரண்டு என ஏழு பள்ளிகள் நடந்தன.

இந்த வாசல் காட்சியை மனசில் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

பகலில் பள்ளி, இருட்டினதும் கையில் லாந்தரோடு சந்து சந்தாகப் போய் நோயாளிகளையும் வயசானவர்களையும் பார்ப்பார். அதனால்தான் இன்னைக்கும் இந்தச் சபையின் அடையாளமாக ஒரு லாந்தர் இருக்கு.

சுவர் எப்போ வந்தது?

தனக்குப் பிறகும் வேலை நிற்கக் கூடாதுன்னு நானோ யோசித்தார். முதலில் பிரான்சில் இருந்து உர்சுலைன் கன்னியரைக் கார்க் நகருக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1771ல் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய விதிப்படி மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சந்துக்குப் போய் ஏழைகளைப் பார்க்க முடியாது. அதனால் 1775 டிசம்பர் 24 அன்று நானோவே மூன்று பெண்களோடு ஒரு புதிய சபையைத் தொடங்கினார். வெளியே போகலாம், நடக்கலாம், வீடு வீடாகப் பார்க்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

1784ல் நானோ இறந்தார். இருபது வருஷம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? 1805ல் ரோம் அந்தச் சபையை முழுமையான துறவற சபையாக அங்கீகரித்தது. பிரசென்டேஷன் சிஸ்டர்ஸ் என்று இன்னைக்கு நாம் சொல்லுவது இவர்களைத்தான். ஆனால் அங்கீகாரத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: அடைப்பு. இனி மடத்துக்குள்தான் இருக்கணும். எந்த விதி வேண்டாம்னு நானோ புதுச் சபை தொடங்கினாரோ அதே விதி திரும்பி வந்துவிட்டது.

என் தொழில் பாஷையில் சொல்லணும்னா, ஒரு ப்ராஜெக்ட்டை ஆரம்பிச்சவர் போன பிறகு, அதைப் பெரிய கம்பெனி எடுத்துக்கிட்டு, "எல்லாம் அப்படியே இருக்கும், ஒரே ஒரு சின்ன மாற்றம்"னு சொல்ற மாதிரி. அந்தச் சின்ன மாற்றம்தான் மொத்த டிசைனையும் மாத்திடும். இங்கே மாறினது திசை. அதுவரை ஆசிரியர் பிள்ளையைத் தேடிப் போனார். இனிமேல் பிள்ளைதான் கேட்டைத் தேடி வரணும். உயரமான மதில், பெரிய கேட், உள்ளே மணிச்சத்தம், மரங்கள். கான்வென்ட்னு சொன்னதும் நம் கண்ணுக்கு வரும் அந்தப் படம் இந்த விதியில் இருந்து வந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்ற நோக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கேட்டைத் தேடி யாரால் வர முடியும் என்ற கேள்வி அங்கே புதுசா நுழைந்தது.

மெட்ராஸ், 1842

இப்போ நம்ம ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் ஐரிஷ் சிப்பாய்கள் நிறைய, அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சிப்பாய்கள் போரிலும் காலராவிலும் சாக, பிள்ளைகள் அனாதையாக நின்றன. அவர்களுக்குப் பள்ளி வேணும்னு மெட்ராஸ் ஆயர் அயர்லாந்தில் கேட்டார். 1841ல் ஒரு சின்னக் குழு சிஸ்டர்கள் கப்பல் ஏறினார்கள். சூயஸ் கால்வாய் இல்லாத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் பயணம். 1842 ஜனவரியில் மெட்ராஸ் கரையில் இறங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் மடம், பள்ளி, அனாதை இல்லம். இந்தியாவில் பிரசென்டேஷன் சபையின் முதல் வீடு அது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திப் பார்க்கணும். அயர்லாந்தில் ஆங்கில அரசால் ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சபை இது. மெட்ராசில் இறங்கும்போது அவர்கள் ஆளும் கூட்டத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள். கேட்டைத் தேடி வந்தவர்களும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். பாடமொழி இயல்பாகவே இங்கிலீஷ். சிப்பாயின் அனாதைக்கு அது தாய்மொழி. பிறகு வந்த மெட்ராஸ் வக்கீல் வீட்டுப் பெண்ணுக்கு அது ஏணி. பள்ளியில் நடந்தது ஒரே பாடம்தான். உள்ளே வருகிறவர்கள் மாறினபோது அதன் பொருளும் மாறிவிட்டது.

1854ல் வந்த உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மதம் பார்க்காமல் அரசு நிதியுதவி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. மிஷன் பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம். நகரமும் ஜார்ஜ் டவுனில் இருந்து தெற்கே மவுண்ட் ரோடு பக்கம் விரிந்துகொண்டே போனது. 1909ல் அந்தச் சாலையில் சர்ச் பார்க் பள்ளி தொடங்கியது. அதிகாரப்பூர்வப் பெயர் சேக்ரட் ஹார்ட், அதாவது திரு இருதயப் பள்ளி. யாரும் அப்படிச் சொல்லுவதில்லை. சர்ச் பார்க், அவ்வளவுதான்.

ரெண்டு மாணவிகள், ஒரு வருஷம்

சர்ச் பார்க்கின் பழைய மாணவிகள்னு தேடினால் முதலில் வரும் பெயர்களில் ரெண்டு: வைஜெயந்திமாலா, ஜெயலலிதா. திரிஷாவும் இந்தப் பள்ளிதான்.

வைஜெயந்திமாலா சென்னை கோகலே ஹாலில் நடனம் ஆடியதைப் பார்த்த இயக்குநர் எம்.வி.ராமன், ஏவி.எம்.மின் வாழ்க்கை படத்துக்கு அவரைக் கேட்டார். பாட்டி யதுகிரி தேவிக்கு விருப்பமில்லை. சின்னப் பொண்ணு, படிப்பும் நடனமும் கெட்டுப்போயிடும்னு. கடைசியில் ஒத்துக்கொண்டார். 1949ல் படம் வந்தது, பிறகு இந்தி சினிமா அவரை எடுத்துக்கொண்டது.

ஜெயலலிதாவின் கதையில் இது தலைகீழ். 1948ல் மேல்கோட்டையில் பிறந்தவர், பெங்களூரில் பிஷப் காட்டன் பெண்கள் பள்ளியில் படித்துவிட்டு, நடிகையாக இருந்த அம்மா சந்தியாவோடு சென்னை வந்து சர்ச் பார்க்கில் சேர்ந்தார். 1964ல் மெட்ரிகுலேஷனில் மிகச் சிறந்த மதிப்பெண். அவருடைய ஆசை மேலே படிப்பது. வீட்டு நிலைமை சினிமா பக்கம் தள்ளியது. 1965ல் ஸ்ரீதரின் வெண்ணிற ஆடை வந்தது. படிக்க ஆசைப்பட்டதையும் அது நடக்காமல் போனதையும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு வீட்டில் படிப்பு கெடக் கூடாதுன்னு பயந்தார்கள். இன்னொரு வீட்டில் படிப்பில் முதலாக வந்தவரை நிறுத்தினார்கள். பள்ளி ரெண்டு பேருக்கும் ஒன்றே. கேட்டுக்கு வெளியே முடிவு எடுத்தது குடும்பமும் காசும்.

அப்புறம் 1984. ஏப்ரலில் ஜெயலலிதா அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். டிசம்பரில் நடந்த தேர்தலில் வைஜெயந்திமாலா காங்கிரஸ் சார்பில் தென்சென்னையில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். ஒரே பள்ளியின் ரெண்டு பேர், ஒரே கூட்டணியில் இருந்து, ஒரே வருஷம் டெல்லிக்கு. 1991ல் ஜெயலலிதா முதல்வர்.

இந்தச் சபையின் மற்ற பள்ளிகளையும் பாருங்க. ராஜஸ்தான் முதல்வராக இருந்த வசுந்தரா ராஜே படித்தது கொடைக்கானல் பிரசென்டேஷன் கான்வென்ட். பாகிஸ்தான் பிரதமரான பெனசீர் பூட்டோ சின்ன வயதில் கொஞ்ச காலம் ராவல்பிண்டி பிரசென்டேஷன் கான்வென்டில் படித்தார். வேற சபைக்குப் போனால், பெப்சிகோவை நடத்திய இந்திரா நூயி தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ்.

இதைக் கேட்டதும் "பாருங்க, கான்வென்ட் படிப்பு தலைவர்களை உருவாக்குது"ன்னு சொல்லத் தோணும். அவசரப்படாதீங்க. வசுந்தரா ராஜே குவாலியர் அரச குடும்பம். பெனசீரின் அப்பா பிரதமராக இருந்தவர். அவர்கள் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அரசியல் வாசல் திறந்துதான் இருந்திருக்கும். ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, அவர்களுக்குப் பொதுவாக என்ன இருந்ததுன்னு பார்த்தால் எப்பவும் தப்பான விடைதான் வரும். அதே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவதோடு நின்றவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பள்ளி நிஜமாகவே கொடுத்தது ஒண்ணு உண்டுன்னு நான் நினைக்கிறேன். 1950களில் ஒரு பெண் பிள்ளை தினமும் பார்த்த தலைமை ஆசிரியர், கணக்கு பார்ப்பவர், கட்டடம் கட்ட ஒப்பந்தம் பேசுபவர், அதிகாரிகளோடு சண்டை போடுபவர் எல்லாரும் பெண்கள். கல்யாணம் ஆகாத, யாருடைய மனைவி என்றும் அறிமுகமாகாத பெண்கள். அந்தக் காட்சி அப்போ வேற எங்கேயும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஒரு காம்பவுண்ட், ரெண்டு கேட்

சரி, என் பள்ளிக்கு வர்றேன். அது வேற சபை. பேர் வேண்டாம்.

எங்க காம்பவுண்டில் ரெண்டு பள்ளி. ரோடு பக்கம் இருந்தது மெட்ரிகுலேஷன், இங்கிலீஷ் மீடியம், ஃபீஸ் உண்டு, பஸ் உண்டு. பின்பக்கம் எங்களுடையது, அரசு உதவி பெறும் தமிழ் மீடியம். உதவி பெறும் பள்ளின்னா, நிர்வாகம் சிஸ்டர்களுடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. அவர்களுக்கு டை, ஷூ. எங்களுக்குப் பாவாடை சட்டை, அப்புறம் சுடிதார். சேப்பலும் கிரவுண்டும் பொது, ஆனால் நேரம் வேற. சிஸ்டர்கள் ரெண்டு பக்கமும் வருவார்கள். உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டரின் சம்பளம் சபையின் பொதுக் கணக்குக்குப் போகும். அந்தச் சம்பளத்துக்கும் வருமான வரி பிடிக்கணும்னு 2024ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதுதான் நிறையப் பேருக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரிந்தது.

தமிழ்நாட்டில் ரொம்ப காலம் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நாலு வகை இருந்தது. ஒரே காம்பவுண்டில், ஒரே வயசுப் பிள்ளைகள் வேற வேற புத்தகம் படித்தோம். எல்லாத்தையும் ஒன்றாக்கத்தான் 2010ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா அரசு அதைத் தள்ளிவைக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நான் அப்போ ஒன்பதாவது. பள்ளி திறந்து பல வாரம் புத்தகமே இல்லை. டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போடுவாங்க, படம் வரைவோம், பாட்டு பாடுவோம். ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை நடத்தச் சொன்ன பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை, முன்கேட்டுப் பிள்ளையும் பின்கேட்டுப் பிள்ளையும் படித்த பாடம் ஒன்று. மொழி மட்டும் வேற.

அந்த 2011லேயே அதே அரசு இன்னொன்றும் செய்தது. அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப். எனக்கு ப்ளஸ் டூவில் கிடைத்தது. பையில் முதல்வர் படம். உள்ளே விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. எல்லாரும் விண்டோஸ் பக்கமே போனாங்க. நான் தெரியாமல் லினக்ஸ் பக்கம் போய், கறுப்புத் திரையில் என்னமோ டைப் பண்ணி, அது பதில் சொன்னதும் பயந்து மூடினேன். மறுபடி திறந்தேன். இன்னைக்கு நான் சோறு சாப்பிடுவது அந்தக் கறுப்புத் திரையால்தான்.

அதனால் அவங்களைப் பத்தி எனக்கு ஒரே வரியில் கருத்து சொல்லத் தெரியாது. என் புத்தகத்தை நிறுத்தி வெச்சதும் அவங்க அரசு, லேப்டாப் கொடுத்ததும் அவங்க அரசு. 1992ல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆயிரம் விளக்கில் திறந்ததும் அவங்க ஆட்சியில்தான். மத்த அரசியலுக்கு இந்த எபிசோடு போதாது.

எங்க வீட்டு வாசல்

இப்போ கடைசிப் பகுதி. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1983. அம்மாவுக்குப் பதிமூணு வயசு. நான் படிச்ச அதே பள்ளியில் எட்டாவது. வயசுக்கு வந்தாச்சு, சடங்கு முடிஞ்சாச்சு, பள்ளிக்கூடம் போதும்னு தாத்தா முடிவு பண்ணிட்டார். ரெண்டு வாரம் அம்மா போகவில்லை.

மூணாவது வாரம் ஒரு சனிக்கிழமை, வெள்ளை உடையில் ஒரு சிஸ்டர் வெயிலில் நடந்து எங்க தெருவுக்கு வந்தாங்களாம். பஸ் வசதி கிடையாது, நாலு கிலோமீட்டர். வாசலில் நின்னு, "அய்யா, உங்க பொண்ணு ரெண்டு வாரமா வரலை. உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டிருக்காங்க. தாத்தா விஷயத்தைச் சொல்லியிருக்கார். சிஸ்டர் அன்னைக்கு வாக்குவாதம் பண்ணலை. மோர் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தாங்க. அதுக்கு அடுத்த சனிக்கிழமையும்.

தாத்தாவுக்கு இருந்த பயம் ரெண்டு. ஒண்ணு ஊர் பேச்சு. இன்னொண்ணு, ஹாஸ்டலில் விட்டால் மதம் மாத்திடுவாங்களோ என்பது. மூணாவது வாரம் அதை நேராகவே கேட்டுட்டார். சிஸ்டர், "காலையில் ஜெபத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் உட்காருவாங்க, உங்க பொண்ணும் உட்காருவா. அதை மறைக்க மாட்டேன். ஆனா பத்து முடிச்சு நீங்க அனுப்பின மாதிரியே வீட்டுக்கு வருவா. வரலைன்னா என்னைக் கேளுங்க"ன்னு சொன்னாங்களாம். பாட்டி உள்ளே இருந்து, "போகட்டுமே"ன்னாங்க. அவ்வளவுதான். அம்மா திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாங்க.

ஹாஸ்டல் சொர்க்கம் இல்லை. ஸ்கேல் அடி, ரெட்டை ஜடை, விளக்கணைச்ச பிறகு பேசினா தண்டனை. அம்மா அதையும் மறக்காம சொல்லுவாங்க. பத்து, ப்ளஸ் டூ முடிச்சு, கூட்டுறவு சங்கத்தில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தாங்க. என் இன்ஜினியரிங் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில் கட்டினது. இன்னைக்கும் பிள்ளையாருக்கு விளக்கேத்துறாங்க. அருள் நிறைந்த மரியே ஜெபமும் முழுசாத் தெரியும்.

இதை நான் சின்ன வயசில் இருந்து கேட்டுட்டே இருக்கேன். ஆனால் நானோ நேகல் கதையைப் படிச்சப்போதான் ஒண்ணு உறைச்சது. அந்த சிஸ்டர் 1983ல் எங்க வாசலுக்கு வர முடிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், வெளியே பணி செய்யும் கன்னியருக்குப் பழைய அடைப்பு விதியைத் தளர்த்தியது. அதற்கு முன்னாடி எவ்வளவு கடுமையா இருந்ததுங்கிறது சபைக்குச் சபை, ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் பொதுவா, அதுக்கு அப்புறம்தான் கன்னியர் மடத்தை விட்டு இறங்கி வீடு வீடாகப் போறது சகஜமாச்சு. அதாவது 1805ல் மூடின கேட் நூத்தி அறுபது வருஷம் கழிச்சுத் திறந்தது.

கார்க் நகரத்தில் ஒரு ஏழை அப்பா பள்ளிக்காரி வீட்டு வாசலுக்குப் போய் என் பிள்ளையைச் சேர்த்துக்கோங்கன்னு கேட்டார். எங்க ஊரில் பள்ளிக்காரி அப்பா வீட்டு வாசலுக்கு வந்து உங்க பிள்ளையைக் கொடுங்கன்னு கேட்டாங்க. ரெண்டு வாசலுக்கும் நடுவே இருந்த மதிலைத்தான் நாம கான்வென்ட்னு சொல்லிட்டு இருக்கோம்.

எங்க பள்ளியில் முன்கேட்டு மாணவிகளுக்கு முன்னாள் மாணவியர் சங்கம் இருக்கு. வெள்ளி விழா போட்டோ, வாட்ஸ்ஆப் குரூப், எல்லாம். பின்கேட்டுக்கு எதுவும் இல்லை. அங்கே படிச்சவங்க யார்? நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், தையல்கடை வெச்சவங்க, கூட்டுறவு சங்கத்து கிளார்க். போன மாசம் அம்மாவும் அவங்க ஹாஸ்டல் தோழிகள் நாலு பேரும் உட்கார்ந்து, 1986 பத்தாவது பேட்ச் பெயர்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பிச்சாங்க. நாற்பத்தி ஒண்ணில் இதுவரை இருபத்தி ஆறு பேர் கிடைச்சிருக்காங்க. நான் அதை எக்செல்லில் ஏத்திட்டேன். ஊர், வேலை, போன் நம்பர்னு காலம் வெச்சேன். அம்மா இன்னொரு காலம் சேர்க்கச் சொன்னாங்க: "படிப்பை நிறுத்த இருந்தாங்களா? யார் போய்ப் பேசினது?" அந்தக் காலத்தில் ஒன்பது பேருக்கு எதிரே ஒரே சிஸ்டர் பெயர் வருது. அவங்க இப்போ சபையின் முதியோர் இல்லத்தில் இருக்காங்க. காது சரியாக் கேக்காது. கிறிஸ்துமசுக்கு அம்மா போறப்போ அந்த ஷீட்டைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் போறேன்.

அந்த ஹெச்.ஆர். கேள்வியை இன்னைக்கு யாராவது கேட்டால் அதே பதில்தான் சொல்வேன். "ஆமா, கான்வென்ட்தான்."

உங்க வீட்டிலும் யாரோ ஒருத்தர் வாசலுக்கு வந்து பேசினதால் படிப்பைத் தொடர்ந்த அம்மா, அத்தை, பாட்டி இருப்பாங்க. அது சிஸ்டராகவும் இருக்கலாம், அரசுப் பள்ளி டீச்சராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணனாகவும் இருக்கலாம். அவங்ககிட்ட கேட்டு, ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டாகப் பதிவு பண்ணி அனுப்புங்க. போதுமான அளவு வந்தால் அதையே ஒரு எபிசோடாகப் போடலாம்.

அடுத்த வாரம் மறுபடி லேப்டாப்பைத் திறக்கலாம். பாஸ் லினக்ஸ் எங்கே போச்சுன்னு பேசுவோம்.